வியூகமும் வினைச்சொல்லும்

எங்கள் ஊர்ப் பெயரை முதன்முறை கேட்பவர் ஒரு கணம் மூச்சு வாங்கித்தான் அதைத் திருப்பிச் சொல்வார். கரிவலம்வந்தநல்லூர். சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில், நிட்சேப நதியின் கரையில், பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மையும் கோயில் கொண்டிருக்கும் ஊர். பேருந்து நடத்துநர்கள் நேரத்தின் அருமை கருதி அதனைக் 'கரிவலம்' என்று குறுக்கிவிட்டனர். ஆனால் முழுப்பெயரில் ஒரு கதையே அடங்கியிருக்கிறது. கரி என்றால் யானை. யானை இறைவனை வலம் வந்தது. வந்ததனால் அது நல்லூர் ஆயிற்று. நான்கு சொற்கள் ஒன்றன் கையை ஒன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. 'கரி சுற்றிப்போன நல்லூர்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருள் பெரிதும் கெடவில்லை. ஊர்தான் காணாமற் போய்விடுகிறது. 'வலம்' என்ற சொல்லுக்கு 'வா' என்ற வினைதான் வாய்த்த துணை.

சொற்களுக்கு இப்படித் துணை உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. யானை பிளிறும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்று தொடக்கப் பள்ளியிலேயே ஒப்பித்திருக்கிறோம். கூடையை முடைய வேண்டும். அம்பை எய்ய வேண்டும். சுவரை எழுப்ப வேண்டும். கூடையைக் கட்டினாள் என்று எழுதினால் 'மரபுப் பிழை' என்று ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார். தொல்காப்பியர் மரபியல் என்று ஓர் இயலே வகுத்து, எந்த உயிரின் குட்டியை எந்தப் பெயரால் அழைப்பது என்பதுவரை சொல்லிச் சென்றார். ஆங்கில இலக்கியம் பயில வந்த பிறகுதான், இதே மரபுக்கு அந்த மொழியில் 'கொலோகேஷன்' என்று பெயரிட்டிருப்பதை அறிந்தேன். ஹெரால்டு பாமர் என்பவர் தோக்கியோவில் இருந்துகொண்டு, ஜப்பானிய மாணவர்க்காக இத்தகைய சொற்கூட்டங்களைத் திரட்டி 1933இல் அறிக்கையாக வெளியிட்டார். 1920களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். ஃபர்த், பின்னாளில் இலண்டனில், ஒரு சொல்லின் பொருளை அதன் கூட்டாளிகளிடம் தேட வேண்டும் என்று கற்பித்தார். ஆளைக் கூட்டாளியை வைத்து எடைபோடும் வழக்கம் எங்கள் தெருவிலும் உண்டு. ஆதலால் எனக்கு அது எளிதாகவே பிடிபட்டது.

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் பேராசிரியர் ஓர் ஒளிநகல் தாளை அனைவருக்கும் வழங்கினார். நடுவில் 'ஸ்ட்ராடஜி' என்ற சொல்; சுற்றிலும் அதனோடு கூடிப் பழகும் சொற்கள். ஸ்ட்ராடஜியை 'டிவைஸ்' செய்யலாம், 'டெவலப்' செய்யலாம், 'ஃபார்முலேட்' செய்யலாம். 'டூ' செய்தல் ஆகாது. உருவான பின் 'அடாப்ட்', அதற்குமேல் 'பர்ஸ்யூ', செயலில் இறக்கும்போது 'இம்ப்ளிமென்ட்', சலித்துப் போனால் 'அபாண்டன்'. பெயரடைகள் வேறு வரிசையில் நின்றன: 'லாங் டெர்ம்', 'கிளியர்', 'கொஹீரன்ட்', 'வின்னிங்'. கடைசியில் 'எக்ஸிட் ஸ்ட்ராடஜி'.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் எழுத்தில் பெயர்த்து எழுதினேன். அப்போது ஒரு வேடிக்கை. ஒன்றை ஏற்றுக்கொள்வதற்கும் அவர்களுக்கு 'அடாப்ட்'; இருப்பதை இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதற்கும் 'அடாப்ட்'. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறுபடுகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தத்தெடுப்பதா, தகவமைப்பதா? வாழ்க்கையில் இரண்டையும் ஒருசேரச் செய்துகொண்டிருக்கும் நம்மைப் போன்றோர்க்கு ஒரே எழுத்துக்கூட்டல் பொருத்தந்தான் என்று எண்ணிக்கொண்டேன். 'பர்ஸ்யூ' இன்னும் விநோதம். காவலர் திருடனைத் துரத்துவதும் அதே சொல். தான் வகுத்த திட்டத்தைத் தானே பின்தொடர்வதும் அதே சொல்.

வேடிக்கை போகட்டும். இந்தத் தாளை நான் ஏன் இவ்வளவு கருத்தூன்றிப் படித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் அக்காள் வணிகவியல் பட்டம் பெற்றவள். எங்களுக்கு 30 சென்ட் மல்லிகைத் தோட்டம் உண்டு. அப்பா உழைப்பார், கணக்கும் விற்பனையும் அக்காளின் பொறுப்பு. மல்லிகை மொட்டைக் கதிர் ஏறுமுன் பறித்தாக வேண்டும். சங்கரன்கோவில் பூச்சந்தையில் விலை நாளுக்கு நாள் மாறும். முகூர்த்த நாளில் ஏறும், மறுநாளே சரியும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை உயரும். ஆனால் பறிக்கக் கைநிறையப் பூ இராது. அக்காள் விடியுமுன் இரண்டு ஊர்ச் சந்தைக்கும் தொலைபேசியில் பேசி விலை கேட்பாள். விலை நன்றாக இருந்தால் முழுவதும் மொட்டாகச் சந்தைக்குப் போகும். சரிந்தால் பாதியைத்தான் அனுப்புவாள். மீதியை ஆச்சியும் அம்மாவும் பக்கத்து வீட்டாரும் திண்ணையில் அமர்ந்து சரமாகக் கட்டுவார்கள். மாலையில் கோயில் வாசலில் முழக்கணக்கில் விற்றுப்போகும். மூன்று ஆண்டுகளில் தோட்டத்துக் கடன் இப்படித்தான் அடைந்தது.

அவள் ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்கு நகரத்துக்குச் சென்றாள். உங்கள் விற்பனை ஸ்ட்ராடஜி எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். மேலே எழுதியதைத்தான் அவளும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாளாம். எதிரில் இருந்த மூவரில் ஒருவர் புன்னகைத்து, "அது சரி, இதில் கொஹீரன்டான லாங் டெர்ம் ஸ்ட்ராடஜி ஏதாவது உண்டா?" என்றாராம். தனித்தனியாக அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். அதே கூட்டத்தைச் சேர்ந்த சொற்களால் மறுமொழி கட்டத்தான் அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. வேலை கிடைக்கவில்லை. அன்றிரவு தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: "எனக்கு வேல தெரியுதுட்டி. வேலயச் சொல்லுத வார்த்ததான் தெரியல."

அந்த ஒரு வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் யாரோடு சேர்ந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

மூலம் கிரேக்கம். 'ஸ்ட்ராடிகாஸ்' என்றால் படைத்தலைவன். பழைய ஏதென்சு நகரில் ஆண்டுதோறும் பத்துப் படைத்தலைவர்களைத் தேர்தலில் தெரிந்தெடுத்தார்கள். அவர்கள் கலைதான் ஸ்ட்ராடஜி. ஆங்கிலத்தில் இச்சொல் இன்றைய பொருளில் பரவியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். வணிகத்துக்குள் அது அரியணை ஏறியது 1960களில். ஆல்ஃபிரட் சாண்ட்லரின் நூல் 1962இல் வந்தது. இகோர் ஆன்சாஃபின் நூல் 1965இல். பாசறையில் பிறந்த சொல் பற்பசை விற்கவும் தேர்தலில் வெல்லவும் பணி மாற்றம் பெற்றது இப்படித்தான். உடன் வந்த சொற்களும் பழைய சீருடையைக் கழற்றவில்லை. 'கேம்பெயின்' என்பதன் வேரும் போர்க்களமாகிய வயல்வெளியே. 'டார்கெட்' என்பது அம்பு எய்யும் இலக்கு.

இங்கேதான் எனக்கு ஒரு செய்தி பொறி தட்டியது. 1755இல் கர்னல் ஹெரான், நவாபின் தமையன் மாபூசுகானுடன் எங்கள் சீமைக்குள் படைகொண்டு வந்தபோது, ஆங்கிலேயரிடம் பீரங்கி இருந்தது. 'ஸ்ட்ராடஜி' என்ற சொல் புழக்கத்தில் இல்லை! சொல் இல்லாமலே அவர்கள் செயலைச் செய்தார்கள். எதிரே நின்றவரும் அப்படியே.

எதிரே நின்றவர் பூலித்தேவர். எங்கள் ஊருக்குத் தென்மேற்கே இருக்கிறது அவருடைய நெற்கட்டும்செவல். ஹெரான் கப்பம் கேட்டார். கோட்டையைத் தகர்க்கப் போதுமான பெரிய பீரங்கிகள் அவரிடம் இல்லை; எண்ணியது ஈடேறாமல் திரும்பினார். நெல்லைக் கப்பமாகக் கட்டும் ஊர் என்பது பொருள் தோன்ற 'நெற்கட்டும்செவல்' எனப்பட்ட ஊர், கட்ட மறுத்த பின் 'நெற்கட்டான்செவல்' ஆயிற்று என்று மக்கள் சொல்வார்கள். சொற்சேர்க்கை பற்றி நான் கேட்டவற்றில் இதற்கு இணையான எடுத்துக்காட்டு இல்லை. 'நெல்' அங்கேயே இருக்கிறது. 'கட்டு' அங்கேயே இருக்கிறது. விகுதி ஒன்று மாறியது. ஓர் அரசியல் முழுவதும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பூலித்தேவர் மேற்குப் பாளையங்களைத் திரட்டினார். திருவிதாங்கூரோடு உறவு கொண்டார். 1759இல் கம்பெனியின் சார்பில் வந்த யூசுப்கான் முதலில் செய்த வேலை, அந்தத் திருவிதாங்கூரைத் தம் பக்கம் இழுத்ததுதான். 1761இல் நெற்கட்டும்செவல் விழுந்தது. பின்னர் 1764இல் அந்த யூசுப்கானையே கம்பெனியாரும் நவாபும் மதுரையில் தூக்கிலிட்டது தனிக்கதை. பூலித்தேவர் மீண்டும் வந்தார். 1767இல் கர்னல் டொனால்டு காம்பெல் வாசுதேவநல்லூர் மண்கோட்டையை முற்றுகையிட்டார். குண்டு துளைத்த இடத்தையெல்லாம் உள்ளிருந்தோர் பனைமரத் துண்டும் வைக்கோலும் மண்ணும் கொண்டு உடனுக்குடன் அடைத்தனர். எதிரியே வியந்து எழுதிய எதிர்ப்பு அது. முடிவில் கோட்டை கைமாறியது. பூலித்தேவர் சங்கரன்கோவில் சந்நிதியில் புகுந்து சோதியாய் மறைந்தார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

இந்தப் போர்களை ஆங்கிலத்தில் முதலில் விரிவாக எழுதியவர் இராபர்ட் ஓர்ம். முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. நூலின் பெயரிலேயே 'மிலிடரி டிரான்ஸாக்ஷன்ஸ்' என்று வருகிறது. இராணுவக் கொடுக்கல் வாங்கல்! கணக்கப்பிள்ளைகளாக வந்தவர்கள் யுத்தத்தையும் பேரேட்டில் பதிந்திருக்கிறார்கள். கம்பெனிக் கடிதங்களில் 'பாளையக்காரர்' என்ற சொல்லோடு 'ரிஃப்ராக்டரி' என்ற அடை பசை போட்டு ஒட்டினாற்போல் வரும். அடங்காத என்று பொருள். முரட்டுக் கோவேறு கழுதைக்கும் அந்த அடைதான். அவர்கள் கோட்டையைப் பிடிப்பதில்லை. 'ரெட்யூஸ்' செய்வார்கள், குறைப்பார்கள். பாளையக்காரரைத் தாக்குவதில்லை; 'சேஸ்டைஸ்' செய்வார்கள், தகப்பன் பிள்ளையைக் கண்டிப்பதுபோல. நாற்பது ஐம்பது ஆண்டுகள் இந்தச் சொற்கள் இப்படியே சேர்ந்து சேர்ந்து எழுதப்பட்டதில், விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதியாயிற்று. அடையை மட்டும் படித்தால் போதும். யார் பக்கம் நியாயம் என்று தனியே கேட்க வேண்டியதில்லை.

(ஒரு சிறு குறுக்கீடு: உலைக்களத்தின் உட்சுவருக்கு வைக்கிற, எத்தனை வெப்பத்துக்கும் உருகாத செங்கல்லுக்கும் ஆங்கிலத்தில் 'ரிஃப்ராக்டரி' என்றே பெயர். ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியதாக எங்கள் ஊரைச் சொல்வார்கள். ஆகவே இந்தப் பொருளில் அந்த அடைமொழியை ஏற்றுக்கொள்ள எனக்குத் தடையில்லை.)

ஆச்சி சொல்லும் ஒண்டிவீரன் கதைக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. தென்மலையில் வெள்ளையர் பாசறை. ஒண்டிவீரன் தனியாளாய் உள்ளே புகுகிறார். குதிரையைக் கட்டியிருக்கும் இடத்தில் புல்லுக்குள் மறைந்து கிடக்கும்போது, குதிரைக்காரன் இருளில் அறைந்த முளை அவர் கையைத் துளைத்து நிலத்தில் இறங்கிவிடுகிறது. முனகினால் எல்லாம் முடிந்தது. முனகவில்லை. ஆள் அகன்றதும் மறுகையால் வாளெடுத்து, சிக்கிய கையைத் துண்டித்துக்கொண்டு, வந்த வேலையை முடித்துத் திரும்புகிறார். இவ்விடத்தில் ஆச்சி பூக்கட்டுவதை நிறுத்திவிடுவாள். "கை போச்சு ஏட்டி! வாயத் தொறந்தானா பாத்தியா?" ஒண்டிவீரனுக்கு இந்திய அஞ்சல்துறை 2022இல் தலை வெளியிட்டது. அந்தத் தலையைக் காட்டியபோது ஆச்சி நெடுநேரம் பார்த்துவிட்டு, "கைய வச்சிருக்கானா?" என்று மட்டும் கேட்டாள்.

இனி நம் சொற்களுக்கு வருகிறேன். நம்மிடம் இல்லாத சரக்கா இது? படை திரட்டுகிறோம், வியூகம் வகுக்கிறோம், தூது விடுகிறோம், முற்றுகை இடுகிறோம், காய் நகர்த்துகிறோம். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அதிகாரம் அதிகாரமாக எழுதி வைத்தார். கோயில் தளத்துக் கல்லிலே கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடிய தாத்தாக்கள் மூன்று புலியைப் பதினைந்து ஆட்டால் அடைத்தார்கள். புலி வெட்டும், ஆடு அடைக்கும். அங்கும் வினைச்சொல் மாறாது. 'எக்ஸிட் ஸ்ட்ராடஜி' என்பதை வகுப்பில் விளக்கியபோது எனக்கு அபிமன்யு நினைவு வந்தான். சக்கர வியூகத்துள் புகத் தெரிந்தது. வெளிவரும் வழி அவனுக்குச் சொல்லப்படவில்லை.

ஆனால் ஒரு கேடு நேர்ந்திருக்கிறது. 'சூழ்ச்சி' என்ற சொல்லைப் பாருங்கள். வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற் குறளே சூழ்ச்சியைப் பற்றியதுதான். அங்கே அது நன்கு ஆராய்ந்து எண்ணுதல். சூழ்தல் என்றால் சுற்றி வருதல். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் வலம் வந்து பார்ப்பது. இன்று? சூழ்ச்சி செய்தான் என்றால் கெட்டவன். அதன் துணைகள் எல்லாம் வஞ்சகம், சதி, வலை. தந்திரமும் அதே கதிக்கு ஆளாகி நரியின் கதைக்குள் போய் ஒடுங்கிவிட்டது. உபாயம் முதியோர் பேச்சில் ஊசலாடுகிறது. எண்ணித் திட்டமிடுவதைக் குறிக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் நம்மிடம் ஏன் வஞ்சனையின் பொருளுக்குச் சரிய வேண்டும்? முதுகுக்குப் பின்னால் எண்ணத்தான் நெடுங்காலம் நமக்கு இடம் இருந்தது என்பது என் கருத்து. மேசைக்கு முன் அமர்ந்து எண்ணுகிறவன் செய்தால் அது திட்டம். எளியவன் எண்ணினால் அது சூழ்ச்சி. தமிழறிஞர்கள் வேறு காரணம் கூறக்கூடும், கேட்கக் காத்திருக்கிறேன்.

ஓரிடத்தில் மட்டும் நம்மவர் சரியாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் வரலாற்றில் 'டிவைட் அண்ட் ரூல்' என்பது ஒரு 'பாலிசி'. நம் பாடநூல் அதை மொழிபெயர்க்கும்போது 'பிரித்தாளும் கொள்கை' என்பதோடு நிற்காமல் 'பிரித்தாளும் சூழ்ச்சி' என்றே எழுதிப் பழகிவிட்டது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்த இலட்சக்கணக்கான பிள்ளைகளுள் நானும் ஒருத்தி. அந்த ஒரு சொல்லின் சுவை இப்போதுதான் நாவில் ஊறுகிறது.

இலங்கைத் தமிழர் 'மூலோபாயம்', 'தந்திரோபாயம்' என்று இரண்டையும் பிரித்து வழங்குகிறார்கள்; நாம் 'உத்தி' என்றும் 'வியூகம்' என்றும் கலந்து எழுதுகிறோம். உத்தி பழைய இலக்கண நூல்களில் நூல் எழுதும் முறைக்கு உரிய பெயர். எதையேனும் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குரிய வினைகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தால் சரி. சொல் இருந்து துணை இல்லாவிட்டால் அது தனிமரம்.

துணையோடு சேர்த்தே சொற்களை இழந்த கதையும் எங்கள் ஊரில் உண்டு. இங்கே இருந்த பாண்டியர் புலமை மிக்கவர்கள். 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வரதுங்கராம பாண்டியர் இத்தலத்தின் மீது அந்தாதிகள் பாடியவர். ஒரு பாட்டின் கடைச் சொல் அடுத்த பாட்டின் கையைப் பிடித்து அழைத்துவரும் வகை அது. அந்த அரச மரபின் ஏட்டுச் சுவடிகள் இங்கே இருப்பதாகக் கேட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உ. வே. சாமிநாதையர் தேடி வந்தார். அவருக்குக் கிடைத்த விடை, சிதைந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டோம் என்பது. 'என் சரித்திர'த்தில் அவர் அதை எழுதியிருக்கிறார். நெய்யும் போய் ஏடும் போயிற்று. எரிந்தவற்றுள் எந்த நூல்கள் இருந்தன, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் துணையாக நின்றது என்று இனி யாரைக் கேட்பது?

அக்காளுக்கு அடுத்த மாதம் வேறொரு நேர்முகம் இருக்கிறது. ஒளிநகல் தாள் இப்போது அவளிடம். காலையில் மொட்டுப் பறித்துக்கொண்டே 'டிவைஸ், அடாப்ட், இம்ப்ளிமென்ட்' என்று வாய்விட்டுச் சொல்லுகிறாள். அடுத்த வரிசையில் பறிக்கும் அப்பா, "என்னம்மா, புதுசா மந்திரம் படிக்கியா?" என்கிறார். படிக்கட்டும், கோட்டைக்குள் புகுவதற்கு அந்தக் கதவுதான் இருக்கிறது என்றால் அதைத் தட்டத் தெரிந்திருக்க வேண்டும். நேற்று அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வோர் ஆங்கிலச் சொற்கூட்டத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஏதோ குறித்திருந்தாள். 'லாங் டெர்ம்' என்பதற்கு நேரே, 'புதுப் பதியன், மூணு வருசம்' என்று. 'ரிவ்யூ' என்பதற்கு நேரே, 'ராத்திரி நோட்டு'. 'எக்ஸிட் ஸ்ட்ராடஜி' என்பதற்கு நேரே, 'விலை விழுந்தா சரம். ஆச்சி' என்று எழுதியிருந்தது.